அம்மாவின் பி.ஆர். காட் முடிந்துவிட்டது, தம்பி யாழ்ப்பாணம் போக நிற்கிறார்: இரண்டு பேரின் நிலையும் என்ன?

நல்லூரான் | 2025 ஒக்ரோபர் 20

ஒரே வீட்டில் இரண்டு பி.ஆர். (கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை) சிக்கல். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

அம்மா, வயது 68. என்னுடைய ஸ்பொன்சரில் 2019 ஜூன் 10 ரொறன்ரோவில் வந்து இறங்கினவ. 2022 ஜனவரி 15 வரை இங்கே. அப்பாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய் 2023 மே 5 திரும்பினவ. 2023 செப்ரெம்பர் 20 மறுபடி போனவ, இன்னும் அங்கேதான். காட் 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. நான் கனடா சிற்றிசன். அப்பா இலங்கைக் குடியுரிமையோடு ஊரில்தான், இங்கே வரவேயில்லை.

தம்பியின் அகதிக் கோரிக்கை 2012இல் ஏற்கப்பட்டது. 2014இல் பி.ஆர். 2018இல் இங்கே வைத்தே இலங்கைப் பாஸ்போட் எடுத்து, 2 கிழமை யாழ்ப்பாணம் போய் வந்தவர். சிற்றிசனுக்கு இன்னும் போடவில்லை. அப்பாவைப் பார்க்க டிசம்பரில் போக ரிக்கற் பார்க்கிறார். அவருடைய காட் 2029 வரை இருக்கு.

அம்மா அங்கிருந்தபடியே காட் புதுப்பிக்கலாமா? நான் சிற்றிசன் என்பதால் அம்மாவுக்கு நாள் சேரும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? தம்பிக்கு "காட் இருக்கு, பயமில்லாமல் போ" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

---

எழுதுவினைஞர்

அம்மாவின் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தம்பியுடையது வேறு சட்டம், வேறு ஆபத்து. அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

முதலில் ஒன்று. காட் முடிந்ததால் பி.ஆர். போகவில்லை. காட் என்பது அந்தஸ்தைக் காட்டும் பிளாஸ்ரிக், அவ்வளவுதான். பி.ஆர். போவதற்கு நான்கு வழிதான் பெரும்பாலும்: சிற்றிசன் ஆவது, தானாகவே துறப்பது, நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு நடைமுறைக்கு வருவது, வதிவிடக் கடமையை (ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் நிற்பது) நிறைவேற்றவில்லை என்று வெளிநாட்டில் ஒரு அதிகாரி எடுத்த முடிவு இறுதியாவது. (அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு ஐந்தாவது வழி ஒன்று உண்டு. தம்பியின் பிரச்சினை அதுதான், யாராவது எழுதுவார்கள்.) இவை எதுவும் நடக்காதவரை, காட் முடிந்து பத்து வருடமானாலும் அவ பி.ஆர்.தான். ஆனால் வெளிநாட்டில் கையில் காட் இல்லாமல் நிற்பவருக்கு பி.ஆர். இல்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இருக்கிறது என்று காட்டுவது அவவுடைய வேலை.

காட் புதுப்பிக்கும் படிவமான ஐ.எம்.எம். 5444 கனடாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். புதுக் காட்டை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பவும் மாட்டார்கள். வெளியே இருப்பவருக்கு உரியது பி.ஆர். பயணப் பத்திரம், படிவம் ஐ.எம்.எம். 5524, கட்டணம் 50 டொலர். அது இல்லாமல் கட்டுநாயக்காவில் எந்த விமான நிறுவனமும் ஏற்றாது. விசிற்றர் விசா போட்டுப் பார்ப்போம் என்றும் நினைக்க வேண்டாம். பி.ஆர். ஆக இருக்கும் ஒருவருக்கு விசிற்றர் விசா கொடுக்கமாட்டார்கள்.

இனிக் கணக்கு. பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம், அதற்குள் 730 நாள் கனடாவில் நின்றிருக்க வேண்டும். ஒரு நாளின் ஒரு பகுதி நின்றாலும் முழு நாள்தான், ஆகவே வந்த நாளும் போன நாளும் சேரும். இன்று, ஒக்ரோபர் 20 போட்டால் 2020 ஒக்ரோபர் 20இலிருந்துதான் எண்ணுவார்கள்.

2020 ஒக்ரோபர் 20 முதல் 2022 ஜனவரி 15 வரை: 453 நாள்.
2023 மே 5 முதல் செப்ரெம்பர் 20 வரை: 139 நாள்.
மொத்தம் 592. குறைவு 138.

வந்து இறங்கினதிலிருந்து எண்ணினால் ஆயிரத்துக்கு மேலே நின்றிருக்கிறா என்று வாதாடுவீர்கள். பயனில்லை. ஐந்து வருடம் என்பது ஒரு ஜன்னல் மாதிரி, ஒவ்வொரு நாளும் முன்னுக்கு நகரும். வெளியே நிற்கும் ஒவ்வொரு நாளும் பழைய ஒரு நாள் வாலில் கழன்று விழுகிறது. அம்மா இந்த வருடம் ஜூன் 4 அளவில் விண்ணப்பித்திருந்தால் சரியாக 730 இருந்திருக்கும். நாளைக்குப் போட்டால் 591, அடுத்த மாதம் போட்டால் 560 அளவில்.

உங்கள் சிற்றிசன் அம்மாவுக்கு உதவாது. வெளிநாட்டில் ஒரு சிற்றிசனோடு சேர்ந்திருக்கும் நாட்கள் எண்ணப்படுவது கணவன் மனைவிக்கும், பெற்றோரோடு போகும் பிள்ளைக்கும்தான். மகன் சிற்றிசன் என்று தாய்க்கு நாள் சேராது. அப்பா சிற்றிசனாக இருந்திருந்தால் ஊரில் அவரோடு இருந்த நாளெல்லாம் சேர்ந்திருக்கும்.

ஆகவே மிஞ்சுவது மனிதாபிமானக் காரணம் ஒன்றுதான். நாள் குறைந்தாலும் அந்தஸ்தை வைத்திருக்க நியாயமான காரணம் உண்டென்று அதிகாரி ஏற்றால் பத்திரம் கிடைக்கும். அவர்கள் பார்ப்பது: எத்தனை நாள் குறைவு, ஏன் போனவ, ஏன் தங்கினவ, திரும்பக்கூடிய முதல் வாய்ப்பிலேயே திரும்ப முயன்றாவா, கனடாவில் என்ன வேர் இருக்கு, அந்தஸ்து போனால் யாருக்கு என்ன கஷ்டம், பாதிக்கப்படும் பிள்ளைகள் உண்டா. 138 குறைவு பெரிதுமில்லை, சின்னதுமில்லை. கடிதம்தான் தீர்மானிக்கும்.

---

பனங்கொட்டை

எழுதுவினைஞர் அண்ணா சொன்னது சரி. ஆனால் இன்னொரு வழி இருக்கே? அமெரிக்காவுக்கு வந்து பஃபலோவிலிருந்து காரில் எல்லையைக் கடந்தால் பயணப் பத்திரம் தேவையில்லை. பழைய காட்டையும் லாண்டிங் பேப்பரையும் (பி.ஆர். ஆகி வந்து இறங்கினதற்கான பத்திரம்) காட்டினால் உள்ளே விடத்தான் வேண்டும். பிறகு இரண்டு வருடம் அசையாமல் இருந்தால் நாள் தானே சேரும்.

---

எழுதுவினைஞர்

பாதி சரி. பி.ஆர். என்று அதிகாரி திருப்தியடைந்தால் உள்ளே விட்டே ஆகவேண்டும், அது சட்டத்திலேயே இருக்கு. சொந்தக் காரில் வந்தால் விமான நிறுவனத்தின் சோதனையும் இல்லை. ஆனால் அம்மா இலங்கைப் பாஸ்போட். அமெரிக்க விசா இல்லாமல் பஃபலோவுக்கு எப்படி வருவா? விசா ஏற்கெனவே இருந்தால்தான் இந்தப் பேச்சு.

மற்றது, உள்ளே விடுவது வேறு, விட்டுவிடுவது வேறு. எல்லையில் நாள் குறைவைக் கண்டால் அதிகாரி குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் அறிக்கை எழுதலாம். அதன்மேல் வெளியேறும் உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவேண்டும். முறையீடு முடியும்வரை அவ பி.ஆர்.தான், ஒரு வருடக் காட் கூட எடுக்கலாம். ஆனால் அறிக்கை எழுதின நாளுக்குப் பிறகு இங்கே நிற்கும் நாட்கள் 730இல் சேராது, நாள் குறைவு என்ற முடிவு பிறகு தள்ளுபடியானால் ஒழிய. "இரண்டு வருடம் அசையாமல் இருந்தால் சரி" என்பது எல்லையில் அறிக்கை எழுதப்படாதவருக்கு மட்டும்தான் பொருந்தும். பலர் இதைத் தெரியாமல் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள்.

---

காகிதப்பூ

தம்பிக்கு எழுதுகிறேன். டிசம்பர் ரிக்கற் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்று இப்பவே சொல்லுங்கோ.

730 நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் இலங்கைப் பாஸ்போட்டில் ஊருக்குப் போய் இரண்டு கிழமை மட்டும் நின்றாலும் பி.ஆர். போகலாம். இதன் பெயர் செசேஷன், அதாவது கொடுத்த அகதிப் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று அறிவிப்பது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 108ஆம் பிரிவில் ஐந்து காரணங்கள் இருக்கு. சொந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பித் திரும்பப் பெற்றுக்கொள்வது, இழந்த குடியுரிமையை விரும்பி மீண்டும் எடுப்பது, வேறொரு நாட்டின் குடியுரிமை எடுத்து அதன் பாதுகாப்பில் இருப்பது, விட்டு வந்த நாட்டில் மீண்டும் குடியேறுவது, கடைசியாக நாட்டு நிலைமை மாறிப்போவது.

2012 டிசம்பர் 15 வரை இதனால் பி.ஆர். போகாது. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றியது. முதல் நான்கு காரணங்களில் ஒன்றில் அகதிப் பாதுகாப்பு முடிந்தால் பி.ஆர். அந்த நேரமே சேர்ந்து போகும். ஐந்தாவதில் போகாது. "சண்டை முடிந்துவிட்டது, இலங்கை இப்ப பாதுகாப்பு என்று சொல்லி எங்கட பி.ஆர்.ஐப் பிடுங்குவார்கள்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தக் காரணத்தால் பி.ஆர். பிடுங்க முடியாது. பிடுங்க முடிவது இலங்கைப் பாஸ்போட் எடுத்து இலங்கைக்கே போனால். எங்கட ஆட்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் மற்றதற்குப் பயப்படுகிறார்கள்.

சொந்த நாட்டுப் பாஸ்போட்டை எடுத்தாலே அந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பிப் பெற்றதாக ஒரு அனுமானம் எழும். அதே பாஸ்போட்டில் அந்த நாட்டுக்கே போனால் அது இன்னும் பலமாகும். அனுமானம்தான், முறியடிக்கலாம், ஆனால் முறியடிக்கும் சுமை தம்பியின் தலையில். மூன்று விஷயம் பார்ப்பார்கள்: விரும்பிச் செய்தாரா, பாதுகாப்பைப் பெறும் எண்ணத்தோடு செய்தாரா, உண்மையில் பெற்றாரா.

2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் கலிண்டோ கமாயோ வழக்கில், கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வழக்கு அது, எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று விரித்துச் சொன்னது. போனால் இப்படி ஆகும் என்று அவருக்கு உண்மையாகவே தெரிந்திருந்ததா, துன்புறுத்தினது அரசா வேறு ஆட்களா, எதற்காகப் போனார், எத்தனை தரம், எவ்வளவு காலம், அங்கே ஒளிந்து பாதுகாப்பாக இருந்தாரா, பாஸ்போட்டை விரும்பித்தான் எடுத்தாரா, முடிவால் வரும் பாதிப்பு எவ்வளவு கடுமை, இப்படி.

இதில் எங்கட ஆட்களுக்கு வில்லங்கமானது "துன்புறுத்தினது யார்" என்பது. ஏதோ கும்பலுக்குப் பயந்து வந்தவர் அரசிடம் பாஸ்போட் எடுத்தால் "அரசு எனக்கு எதிரியில்லை" என்று விளக்கலாம். ஆமிக்கும் சி.ஐ.டி.க்கும் பயந்து வந்தேன் என்று கோரிக்கையில் எழுதினவர், அதே அரசின் பாஸ்போட்டோடு கட்டுநாயக்கா குடிவரவு மேசையில் போய் நின்றதற்கு என்ன விளக்கம் சொல்வது? தம்பியின் கோரிக்கைப் படிவத்தை, அந்தக் காலத்துக் கதையை, முதலில் எடுத்து வாசியுங்கோ. வழக்கு வந்தால் அதையும் பாஸ்போட் முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பார்கள்.

நோயாளியான தகப்பனைப் பார்க்கப் போவதையும் விடுமுறைக்குப் போவதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கைநூலே சொல்கிறது. அது தம்பிக்குச் சாதகம். ஆனால் அது வழக்கில் சொல்லும் வாதம், போவதற்கான அனுமதியில்லை. 2018இல் ஒன்று, 2025இல் இன்னொன்று என்று இரண்டு பயணமானால் அந்த வாதமும் மெலிந்துபோகும்.

தோற்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கோ. அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது, அம்மாவுக்குச் சொன்ன குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்த முடிவை மறுஆய்வு செய்ய அனுமதி கேட்கலாம், அதற்கு 15 நாள்தான். மனிதாபிமான விண்ணப்பத்துக்குப் பொதுவாக 12 மாதத் தடை உண்டு, பிள்ளைகளின் நலன், உயிராபத்தான மருத்துவ நிலை என்ற விலக்குகள் தவிர. இத்தனை வருடம் இங்கே வேலை செய்து வரி கட்டினது எதுவும் பி.ஆர்.ஐக் காப்பாற்றாது. அரசு செசேஷன் வழக்குப் போடக் கால எல்லையும் கிடையாது, 2018 பயணம் பழையதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

---

நல்லூரான்

நெஞ்சு பதறுகிறது. இரண்டு சந்தேகம். தம்பியின் மனைவி பின்னாடி ஸ்பொன்சரில் வந்தவ, அவவும் ஊருக்குப் போகக்கூடாதா? இப்ப அவசரமாகத் தம்பிக்குச் சிற்றிசன் போட்டால் சரியாகிவிடுமா?

---

காகிதப்பூ

குடும்ப ஸ்பொன்சரில் வந்தவவுக்குச் செசேஷன் இல்லை. அவ அகதியாக ஏற்கப்பட்டவரில்லை, 730 நாளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் "ஸ்பொன்சர்" என்று எங்கட ஆட்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். அவ எந்த வகையில் வந்தவ என்பதை லாண்டிங் பேப்பரில் பாருங்கோ. தம்பியோடு சேர்ந்து கோரிக்கை வைத்து அவ பெயருக்கும் தீர்ப்பு வந்திருந்தால் தம்பிக்குச் சொன்னதெல்லாம் அவவுக்கும்தான்.

சிற்றிசன் ஆகிவிட்டால் செசேஷன் தொட முடியாது, அது உண்மை. அதுதான் இதற்கு முழுமையான மருந்து. ஐந்து வருடத்தில் 1,095 நாள் வேண்டும், தம்பிக்கு அது எப்பவோ சேர்ந்திருக்கும். ஆனால் பிடியும் அங்கேதான். சிற்றிசன் படிவம், காட் புதுப்பிக்கும் படிவம், விமான நிலையக் கேள்வி, பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான் பழைய பயணம் வெளியே வரும். செசேஷன் வழக்குப் போட்டால் சிற்றிசன் விண்ணப்பத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதற்காக மறைக்கவே கூடாது. 2020இலிருந்து விமானத்தில் வெளியேறும் தகவலே நேரே எல்லைச் சேவைக்குப் போகிறது. 2018 பயணத்துக்குப் பாஸ்போட் முத்திரை இருக்கு. பொய் சொன்னால் அது தனிக் குற்றம், வாங்கின சிற்றிசனையே பிறகு பறிக்கலாம். ஆகவே வரிசை இதுதான்: முதலில் செசேஷன் வழக்குப் பார்க்கிற சட்டத்தரணி ஒருவர். வீடு விற்கிற, வீதி விபத்துப் பார்க்கிற லோயர் இல்லை. படிவம் நிரப்புகிற அண்ணையும் இல்லை. அவரிடம் கோரிக்கைப் படிவம், தீர்ப்பு, பாஸ்போட்டின் எல்லாப் பக்கமும், 2018இல் ஏன் போனார் என்பதற்கான சான்று, இவ்வளவையும் கொண்டுபோய்க் காட்டின பிறகு சிற்றிசன் படிவம்.

அதுவரை பயணம் அவசியமென்றால் கனடா கொடுக்கும் அகதிப் பயணப் பத்திரம், நீலப் புத்தகம், படிவம் பி.பி.ரி.சி. 190. அதில் இலங்கைக்குப் போக முடியாது, மற்ற நாடுகளுக்கு விசா எடுத்துப் போகலாம். அப்பா பயணம் செய்யக்கூடிய நிலையிலிருந்தால் திருச்சியிலோ சென்னையிலோ சந்திக்கலாம். இந்திய விசாவுக்கு நேரம் எடுக்கும், கடைசிக் கிழமையில் ஓட வேண்டாம். அந்தப் பயணத்துக்கு இலங்கைப் பாஸ்போட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

---

எழுதுவினைஞர்

அம்மாவின் கடிதத்துக்கு வருகிறேன், அதில்தான் பெரும்பாலும் பிழைவிடுகிறார்கள்.

"கணவர் நோயாளி" என்று இரண்டு வரி எழுதி ஒரு டொக்ரர் கடிதம் வைத்தால் போதாது. யாழ் போதனா வைத்தியசாலையிலோ வேறு எங்கேயோ காட்டியிருந்தால் டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலை கொடுக்கும் நோய் விபர அட்டை), கிளினிக் கொப்பி இரண்டும் இருக்கும். கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு தவணையும் திகதியோடு இருக்கும், அதுதான் தங்கம். அம்மா போன இரண்டு தரமும் அப்பாவின் நோய் எந்த நிலையில் இருந்தது என்று அந்தத் திகதிகளை வைத்தே காட்டலாம். பக்கம் பக்கமாகப் பிரதி எடுங்கோ. ஆங்கிலத்தில் இல்லாததை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் சத்தியக் கடதாசியும் வையுங்கோ.

அடுத்த கேள்வி தவறாமல் வரும்: அவரைப் பார்க்க வேறு ஆள் இல்லையா? மற்றப் பிள்ளைகள், சகோதரங்கள் எங்கே இருக்கிறார்கள், ஏன் முடியவில்லை, ஆள் வைத்துப் பார்த்தீர்களா, எல்லாம் எழுத வேண்டும். 2023 மேயில் வந்து நான்கரை மாதத்தில் ஏன் திரும்பிப் போனவ என்பதற்குத் தனியாக ஒரு பந்தி வேண்டும். காட் முடிந்து 15 மாதம் ஏன் சும்மா இருந்தவ என்பதற்கும் ஒன்று.

விதானையாரிடம் (கிராம சேவகர்) வதிவிடச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டாம். உதவி என்று நினைத்துப் பலர் வைக்கிறார்கள். "இவர் இந்தப் பிரிவில் நிரந்தரமாக வசிக்கிறார்" என்று அதில் எழுதியிருக்கும். அதைவிட மோசமான சான்று கிடையாது.

பயணப் பத்திரம் போடுவதே ஒரு பந்தயம் என்பதையும் வீட்டில் பேசுங்கோ. போடாதவரை அவ பி.ஆர்., ஆனால் வர முடியாத பி.ஆர். போட்டு மறுத்தால் 60 நாளுக்குள் முறையிட வேண்டும், முறையிடாவிட்டால் அதோடு முடிந்தது. கடந்த 365 நாளுக்குள் ஒரு தரமாவது கனடாவில் நின்றவருக்கு முறையீடு நடக்கும்போது வந்து நிற்கப் பத்திரம் கொடுக்கத்தான் வேண்டும். அம்மா 2023 செப்ரெம்பரில் போனவ, அந்த உரிமை போய்விட்டது. முறையீட்டை ஊரிலிருந்தே நடத்த வேண்டி வரும்.

அம்மாவின் உண்மையான எண்ணம் அப்பா இருக்கும்வரை ஊரில், இடைக்கிடை பேரப்பிள்ளைகளைப் பார்க்க இங்கே என்றால், பி.ஆர்.ஐப் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை என்பது என் அபிப்பிராயம். ஐ.எம்.எம். 5782 போட்டுத் பி.ஆர்.ஐத் துறந்துவிட்டு சூப்பர் விசா (பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கான நீண்டகால விசிற்றர் விசா) எடுக்கலாம். 2022 ஜூலையிலிருந்து ஒரு தரம் வந்தால் ஐந்து வருடம் வரை நிற்க விடுகிறார்கள். உங்களுக்கு வருமான அளவு காட்ட வேண்டும், அவவுக்கு மருத்துவச் சோதனையும் குறைந்தது 1 லட்சம் டொலர் காப்புறுதியும் வேண்டும். 68 வயதுக்கு அந்தக் காப்புறுதி மலிவில்லை, நீரிழிவு, பிறஷர் இருந்தால் இன்னும் ஏறும். விலையைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ. துறந்த பிறகு மனம் மாறினால் முதலிலிருந்து ஸ்பொன்சர் செய்ய வேண்டும்.

பி.ஆர்.தான் வேண்டும் என்றால் கிளினிக் கொப்பியை இந்தக் கிழமையே ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ. இன்றைக்கு 592.